சலம்

கிணறுகளில் உப்பு அளப்பது என் உத்தியோகம்.
நீர்வேலி, ஊரெழு, புன்னாலைக்கட்டுவன்,
ஸ்கூட்டர்ப் பெட்டிக்குள் மீற்றரும் ஆறு போத்தலும்.
கயிற்றில் இறக்கி, இழுத்து, இலக்கத்தைப் பார்த்து
"குடிக்கலாம்", "தோட்டத்துக்கு மட்டும்",
"இனி மோட்டர் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு
அடுத்த படலைக்குப் போவேன்.

ஆதலால் இலக்கங்களுக்குப் பயந்தவள் அல்ல.

வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி வீதி லாப்பில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பொடியன்
பெயர் கேட்டு, வயது கேட்டு,
"திரு. கச்சான், 11, ஆண்" என்று
உறையில் எழுதித் தந்தபோது
சிரிக்கத்தான் நினைத்தேன்.

மாதிரி எடுத்த கதை வேறு.
மண்ணைக் கொட்டிவிட்டு, தட்டில்
மீன்தொட்டிக் கல்லைக் கழுவிப் பரப்பி
விடிய நாலரைக்கு ரோச் லைற்றோடு குந்தியிருந்தேன்.
கச்சான் என்னைப் பார்த்தான்,
கல்லைப் பார்த்தான்,
திரும்பிக் குசினிக்குப் போனான்.
ஐந்தே காலுக்கு மனம் மாறினான்.
ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி
வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
பளிங்கு மாதிரி. மணமில்லை.
"நல்ல சுத்தம்" என்றேன்,
கிணற்றுக்காரி புத்தி.

டொக்டர் தர்சிகா அப்படிச் சொல்லவில்லை.
தன்னீர்ப்பு ஒன்று தசம் பூச்சியம் ஒன்று இரண்டு என்று வாசித்து
அதன் கீழே பேனையால் கோடிட்டார்.
பூச்சியம் மூன்று ஐந்துக்கு மேலே நிற்கவேணுமாம்
ஒரு பூனையின் சலம்,
மஞ்சளாய், கனமாய், மூக்கைச் சுளிக்க வைப்பதாய்.
புரதம் இரண்டு சக அடையாளம்.
சீனி இல்லை. கிருமி இல்லை.
"இரத்தத்தில் கிரியற்றினின் மூன்று தசம் ஒன்று.
ரெண்டையும் சேர்த்து வாசிக்கவேணும்,
தனிய ஒண்டைப் பிடிச்சுத் தொங்காதேங்கோ."

வறண்ட நிலத்துப் பிறவி பூனை.
கிடைத்த ஈரத்தைத் திருப்பித் திருப்பிப் பிழிந்து
கழிவை மட்டும் அனுப்பத் தெரிந்த சிறுநீரகம்.
அது களைத்தால் பிழிய ஏலாது.
வந்தது வந்தபடி போகும்.
மூன்றில் இரண்டு பங்கு அழியும் மட்டும்
வெளியே ஒரு சொல் வராது.

சலம் என்றுதான் சொல்லுகிறோம் நாங்கள்,
மரியாதைக்கு.
அது மெய்யாகவே சலமாய்ப் போனால்
அதுதான் வருத்தம்.

கிணற்றில் கனம் கூடினால் கேடு,
கச்சானில் குறைந்தால்.
பதினாறு வருசம் ஒரே பக்கமாய் வாசித்த கண்
மீற்றரைத் தலைகீழாய்ப் பிடித்ததுபோல் முழித்தது.

யோசித்தால், நான்தான் கண்டிருக்கவேணும்.
சித்திரையிலிருந்து தொட்டியடியில் கிடந்தான்,
வாளியில் சொட்டுவதை நக்கினான்.
வெக்கை என்று நினைத்தேன்.
நிலாவரையில் மேலே நல்ல தண்ணி, கீழே உப்பு என்று
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டுகிறவள்
மேலே நக்குவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"பூனைக்கும் றிப்போட்டோ?" என்று
கந்தோரில் மரியநேசன் சிரித்தார்.
பிறகு, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு,
தன் மனுசிக்கும் கிரியற்றினின் எடுத்தது என்றார்.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

இப்போது கருவாடு இல்லை.
அவித்த பாரையைத் தண்ணியோடு பிசைகிறேன்.
இரண்டு நாளைக்கு ஒருக்கால்
நுளம்புவலைக் கொழுக்கியில் சேலைன் பையைத் தொங்கவிட்டு
தோளடியில் தோலைத் தூக்கி ஊசி ஏற்றுகிறேன்.
உப்புத்தண்ணி.
ஊர் ஊராய் நான் துரத்துகிற அதே சாமான்.
நூறு மில்லிலீற்றர் இறங்க ஏழு நிமிசம்.
அது முடியும்வரை கச்சான் என்னைப் பார்ப்பதில்லை.

ஒரு மாதத்தால் இரண்டும் திரும்ப எடுக்கவேணுமாம்.
குறையாது, கூடாமல் நின்றால் காணும் என்றார் டொக்டர்.

நேற்றிரவு தட்டில் அவன் போகும் சத்தம் கேட்டது,
நீளமாய், நிற்காமல்.
இருட்டில் படுத்தபடி எண்ணினேன்.
இருபத்துமூன்று.
என்ன அலகு என்று தெரியாது.
எழுதி வைத்திருக்கிறேன்.